வலது முட்டிக்கு ஒரு தாயத்து

— அந்தத் தாயத்த எங்கண்ணு முன்னாடி தெறங்க டாக்டர்.

— ஏய் ஐசு! வாயக் கழுவுடி. நீ தவழுற காலத்துலருந்து சொல்லி வளத்துருக்கேன், தாயத்தத் தெறங்கிற வார்த்தை மட்டும் வாயில வரக் கூடாதுன்னு. பஸ்ஸுலயும் படிச்சுப் படிச்சுச் சொல்லித்தானே கூட்டியாந்தேன்?

— நீ சொன்னத நான் கேட்டாச்சும்மா. இப்ப நான் சொல்றத அவரு கேக்கட்டும். தெறங்க.

— டென்ஷன் ஆகாதீங்க பாப்பா. செங்கமலம்மா, நீங்களும் உக்காருங்க. ஃபேன் கூட்டி வைக்கவா? கால் வலியில பேசுறாங்க, அவ்வளவுதான் விஷயம்.

— வலி காலுல இருக்கு டாக்டர். நான் பேசுறது வாயால.

— நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க ஐயா. எங்க வகையறாவுலயே காலேஜு வாசல மிதிச்சவ இவ ஒருத்திதான். அந்தத் திமிரு. வல்லத்திராக்கோட்டையில எவன் எதுத்து வந்தாலும் நிக்க வச்சுக் கேள்வி கேப்பா. அவனவன் சைக்கிளத் திருப்பிக்கிட்டுப் போயிருவான்.

— கேள்வி கேக்கறது நல்லதுதாம்மா. ஆனா அத இப்பத் தெறக்க முடியாது பாப்பா. அது லேப்ல இருக்கு.

— லேப்புல இல்ல. ஒங்க மேசை டிராயர்ல இருக்கு. இப்பத்தான் பேனா எடுத்தீங்க, நான் பாத்தேன். எங்கம்மா மஞ்சத்துணியில முடிஞ்சு குடுத்த முடிச்சு முடிச்சாவே கெடக்கு.

— அது வந்து... உள்ள இருந்ததை எடுத்துட்டு மறுபடியும் கட்டி வச்சிருக்கோம். உங்க நம்பிக்கைக்கு மரியாதை குடுக்கணும் இல்லையா?

— பாத்தியாடி? எவ்வளவு மருவாதியா வச்சிருக்காரு. ஒனக்குத்தான் எல்லாத்துலயும் சந்தேகம். கடையில தேங்கா வாங்குனாலும் ஆட்டி ஆட்டிப் பாத்து, கடைக்காரன் மூஞ்சியையும் ஒருக்கா ஆட்டிப் பாப்ப.

— அழுகுன தேங்காய நீ வாங்கியாந்த அன்னிக்கிக் கொழம்பு வச்சது யாரும்மா? நாந்தானே? சரி டாக்டர். எங்கம்மாவும் கேக்கட்டும், நீங்களே சொல்லுங்க. போன மாசம் என் முட்டியில போட்ட ஊசி, அந்தத் தாயத்துல இருந்து எடுத்ததுதானா?

— ஆமா. தொப்புள்கொடி. குழந்தை பொறந்தா, காஞ்சு விழற கொடியை வெள்ளித் தாயத்துல அடைச்சு இடுப்புல கட்டுவோம் இல்லையா? எதுக்குக் கட்டினோம்? அழகுக்கா? அந்தக் கொடி முழுக்க ஸ்டெம் செல். விதை மாதிரி. கண்ணுல விட்டா கண்ணு, முட்டியில விட்டா ஜவ்வு. வெளிநாட்டுக்காரன் இப்பத்தான் பேங்க் வச்சுச் சேத்து வைக்கிறான். நம்ம ஆளுங்க இடுப்புலயே பேங்க் வச்சிருந்தாங்க. அவ்வளவுதான் விஷயம்.

— இதத்தான், இதே மாதிரித்தான் கந்தர்வக்கோட்டை மேடையில சொன்னாரு. சனம் கை தட்டுச்சு பாரு, பந்தலே ஆடிப் போச்சு. அப்புறம் வாட்சப்புலயும் வந்துச்சு. நான் அத எத்தன பேருக்குப் போட்டுக் காட்டிருக்கேன் தெரியுமா ஐயா?

— வறுத்த முந்திரிக்கொட்டைய நட்டா மொளைக்குமாம்மா?

— இதென்னடி கேள்வி? எந்தக் கூறுகெட்டவன் வறுத்துட்டு நடுவான்?

— உயிருள்ள செல்லு காஞ்சா செத்துப் போகும். எங்க காலேஜு லேப்புல ஒரு ராத்திரி கரண்டு போயி, வளத்து வச்சிருந்ததெல்லாம் செத்து, மறுநா காலையில மேடத்துக்கிட்ட நாங்க வாங்குன திட்டு எனக்குத்தான் தெரியும். கொடிய வெயில்ல காய வச்சு, தகரப் பெட்டியில இருபத்திரண்டு கத்திரி வெயில் பாத்த ஒண்ணுல என்ன உயிரு இருக்கும்? சேத்து வைக்கிற பேங்குல கொடி விழற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. பொறந்த நிமிசமே கொடியிலருந்து ரத்தத்த எடுத்து உறைய வைப்பாங்க. அதையும் ரத்த நோய்க்குத்தான் கொடுக்கறாங்க.

— பாப்பா, நீங்க படிச்சது பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி. நல்ல படிப்பு, இல்லேங்கல. ஆனா இது அட்வான்ஸ்டு. செத்ததை எழுப்புறதுக்குத்தான் நாங்க இருக்கோம்.

— செத்தத எழுப்புறவரு எதுக்கு டாக்டர் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி வாடகைக்கு இருக்கணும்?

— ஐசு! கால ஒடிச்சுருவேன்!

— ஏற்கெனவே ஒடிஞ்சுதாம்மா இருக்கு.

— பரவாயில்லம்மா, விடுங்க. ஸ்போர்ட்ஸ் கேர்ல். சூடு இருக்கத்தான் செய்யும். பாப்பா, உங்க ஸ்கேன் நான் பாத்திருக்கேன். ஜவ்வு லேசா கிழிஞ்சிருக்கு. ரெண்டாவது ஊசி இன்னிக்குப் போட்டுட்டா, செவ்வாக்கிழமை போலீஸ் ஓட்டத்துல நீங்க மான் மாதிரி ஓடுவீங்க.

— லேசாவா? அரிமளம் கபடிப் போட்டியில நான் பாடிப் போறேன். கோட்டத் தொட இன்னும் ஒரு முழம். எதிர்ப் பக்கத்துப் புள்ள கணுக்காலப் புடிச்சுட்டா. ஒடம்பு அங்கிட்டு திரும்புது, முட்டி இங்கிட்டு நிக்குது. டப்புன்னு ஒரு சத்தம். ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தவங்களுக்கே கேட்டுச்சு. லேசாக் கிழிஞ்சா அப்படியா சத்தம் வரும்?

— சத்தத்தை வச்சு வைத்தியம் பண்ண முடியாதே.

— அதனாலதான் அந்த ஸ்கேன் படத்த போன்ல எடுத்துக்கிட்டு தஞ்சாவூருப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பு டாக்டரு என்னையப் படுக்க வச்சு முட்டிய இழுத்துப் பாத்தாரு. கெணத்து ராட்டினம் மாதிரி ஆடுது. முன்ஜவ்வு முழுசா அறுந்துருச்சு, ரெண்டு முனையும் தனித்தனியா விலகிக் கெடக்குன்னாரு. இத ஊசியால ஒட்ட முடியாது, தொடையிலருந்து ஒரு நார எடுத்துப் புதுசா வச்சுத் தைக்கணும்னாரு.

— கவர்மென்ட் டாக்டருக்கு இதைப் பத்தி என்ன தெரியும்? ஸ்டெம் செல்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா அவரு?

— நானும் அதையேதான் அவருகிட்டக் கேட்டேன். சிரிக்கல, திட்டல. பாதி கிழிஞ்ச ஜவ்வுக்கு, அவங்கவங்க இடுப்பெலும்பு மஜ்ஜையில இருந்து எடுத்துப் போட்டுப் பாக்குறாங்க, அது இன்னும் ஆராய்ச்சியாத்தான் இருக்கு, அறுந்தத ஒட்டுச்சுன்னு யாரும் இன்னும் சொல்லலன்னாரு. தெரியாததத் தெரியலன்னும் சொன்னாரு டாக்டர். ஒங்க வாயிலருந்து அந்த ஒரு வார்த்தைய நான் இன்னும் கேக்கல.

— எனக்குச் சொல்லாம நீ எப்படி தஞ்சாவூரு போன?

— காலேஜுல சர்டிபிகேட் வாங்கப் போறேன்னு சொன்னேன்ல, அன்னிக்கி.

— பொய் சொல்ல வேற கத்துக்கிட்டியா?

— நம்ம வீட்டுல நான் மட்டுமா பொய் சொல்றேன்? அத அப்புறம் பேசுவம். டாக்டர், நீங்க போன மாசம் ஊசி போட்டீங்க. வலி போயிருச்சு. நெசமாவே போயிருச்சு. நானும் ஒரு நிமிசம் நம்பிட்டேன். நம்பணும்னு ஆசைதான். எழுத்துப் பரீட்சையில பாஸாகி, போலீஸுக்கும் எனக்கும் நடுவுல நானூறு மீட்டர் ஓட்டம் மட்டுந்தான் பாக்கின்னு இருக்கவ நம்பாம என்ன செய்வா? பத்து நாளு கழிச்சு கிரவுண்டுக்குப் போங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. போனேன். ரெண்டாவது சுத்துல முட்டி நழுவி, உள்ள மெத்தை மாதிரி இருக்குற ஜவ்வும் நசுங்கிருச்சு. மொதல்ல ஒண்ணுதான் போயிருந்துச்சு, இப்ப ரெண்டு. அதுக்கப்புறந்தான் தஞ்சாவூரு போனேன்.

— வார்ம்-அப் பண்ணாம ஓடியிருப்பீங்க.

— எட்டாப்புலருந்து கபடி ஆடுறவளுக்கு வார்ம்-அப் சொல்லித் தர்றீங்களா?

— ஐயா, அவ பேசுறதப் பேசட்டும். நீங்க ரெண்டாவது ஊசியப் போடுங்க. மொத ஊசி பத்தலையோ என்னமோ.

— அதேதாம்மா! முதல் டோஸ் விதைச்சோம். ரெண்டாவது டோஸ்தான் தண்ணி. அவ்வளவுதான் விஷயம்.

— போடலாம். அதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு. அந்தத் தாயத்துல இருந்து எடுத்த செல்லு என்னோடதுதானா?

— சந்தேகமே வேண்டாம்.

— வேற யாரோடதாச்சும் இருந்தா?

— அதெப்படி இருக்கும்? உங்க ரத்தத்தையும் எடுத்தோம் இல்லையா? ரெண்டையும் வச்சு டெஸ்ட் பண்ணிட்டுத்தான் ஊசியே போட்டேன். மாறிப் போயிருந்தா உங்க உடம்பே ஏத்துக்காது, முட்டி வீங்கியிருக்கும். வீங்கிச்சா? இல்ல. உங்க கொடிதான். நூத்துக்கு நூறு மேட்ச்.

— அம்மா, கேட்டுக்கிட்டியா? நூத்துக்கு நூறாம்.

— ம்.

— என்ன ம்? சத்தமாச் சொல்லு. மேடையில பேசுனதுக்கெல்லாம் கை தட்டுனவதானே? இதுக்கும் தட்டு.

— போடி. வா, போவம். இன்னொரு நாளைக்கி வருவம். எனக்குத் தலைய வலிக்குது.

— இப்ப மட்டும் ஏம்மா போவம்ங்குற? இவ்வளவு நேரம் ஊசி ஊசின்னு நின்ன. சரி, நீங்க தெறங்க டாக்டர். உள்ள என் கொடியில மிச்சம் இருக்கும்ல. நான் பொறந்ததுக்கு ஒரு அத்தாச்சி, பாத்துக்கிறேன்.

— தெறக்காதீங்க ஐயா! ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், தெறந்துறாதீங்க... அது இவளுது இல்ல.

— என்னம்மா சொல்றீங்க?

— இவளுது இல்ல ஐயா. மூத்தவன் கணேசனோடது. சார்ஜாவுல இருக்கானே, அவனுது. அவன் பொறந்தப்ப ஆசாரிகிட்டச் சொல்லி வெள்ளியில செஞ்சு கட்டுனோம். இவ பொறந்தப்ப... பொட்டப் புள்ளைக்கு எதுக்குன்னு இவுங்கப்பா சொல்லிட்டாரு. கொடி விழுந்த அன்னிக்கி நான் கொல்லையில தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன். ஈரத் தலையோட உள்ள வந்து தேடுறேன், யாரோ வீட்டக் கூட்டித் தள்ளிட்டாங்க. குப்பையோட குப்பையாப் போயிருச்சு. யாரு கூட்டுனான்னுகூட நான் கேக்கல.

— அப்புறம் ஏம்மா இது பொண்ணோடதுன்னு எங்கிட்டக் குடுத்தீங்க?

— பொண்ணோட தாயத்து இருக்கான்னு கேட்டீங்களே. இவளும் பக்கத்துல நிக்கிறா. இல்லன்னு எந்த வாயால சொல்லுவேன் ஐயா? அண்ணந்தங்கச்சி ரத்தந்தானே, ஒத்துப் போயிரும்னு நெனச்சேன். நீங்களும் டெஸ்ட்டு பண்ணிப் பாத்துட்டு, இவளுதுதான்னு சொன்னீங்க. எனக்கு அப்பிடியே உசுரு வந்துச்சு. சரி, சாமியே மன்னிச்சுட்டாருன்னு நெனச்சுக்கிட்டேன்.

— சாமி மன்னிக்கலம்மா. இவரு டெஸ்ட்டே பண்ணல.

— ஒனக்கு... ஒனக்கு முன்னாடியே தெரியுமா?

— சின்ன வயசுல குளத்துல குளிக்கறப்பப் பாத்துருக்கேன். கணேசன் இடுப்புல வெள்ளி மின்னும். என் இடுப்புல வெறும் கறுப்புக் கயிறு. எனக்கு எங்கன்னு கேட்டா, பொட்டப் புள்ள இடுப்புல கட்டுனா வளத்தி வராதுன்னு பெட்டியில வச்சிருக்கேம்ப. நானும் நம்பிக்கிட்டு இருந்தேன், வெவரம் தெரியுற வயசு வரைக்கும்.

— தெரிஞ்சுக்கிட்டே என்னைய இத்தன பேச வச்சியா? அந்நிய மனுசன் முன்னாடி?

— அந்நிய மனுசன்தானே நீ கையெடுத்துக் கும்பிட்டது? நான் வீட்டுல வச்சுச் சொல்லிருந்தா நம்பிருப்பியா? இவ படிச்ச திமிருல பேசுறாம்ப. அவரு வாயால நூத்துக்கு நூறுன்னு சொல்றத நீ காதால கேக்கணும். அதுக்குத்தான் இம்புட்டும்.

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். ரெண்டு பேரும் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. கூடப்பிறந்தவங்க செல்னா டெஸ்ட்ல மேட்ச்தான் வரும். சொல்லப் போனா இது இன்னும் நல்லது. ஆம்பளைப் பிள்ளையோட செல் வலுவா இருக்கும். ஜவ்வு நல்லா கெட்டியா வளரும்.

— அப்படீங்களா? அப்ப என்னைய ஆம்பளைங்க டீமுல சேத்து விடுங்க டாக்டர். ஒரு முட்டி மட்டும் போயி ஆடிட்டு வரட்டும்.

— கிண்டல் பண்ணாதீங்க.

— கொஞ்ச நேரம் முந்தி என்ன சொன்னீங்க? வேற யாரோடதா இருந்தாலும் ஒடம்பு ஏத்துக்காது, வீங்கியிருக்கும்னீங்க. இப்ப கணேசனுதுன்னா கெட்டியா வளரும்ங்குறீங்க. எங்கூருல வெத்தல சோசியம் பாக்குறவருகூட சொன்னத மாத்த ஒரு வாரம் எடுத்துக்குவாரு.

— செங்கமலம்மா, உங்க பொண்ணக் கூட்டிட்டுப் போங்க. நல்லது பண்ண வந்தா இதுதான் மரியாதை.

— ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஐசு, நீ கொஞ்சம் சும்மா இரு. நான் தப்புப் பண்ணிட்டேன், ஒத்துக்கிறேன். ஆனா செவ்வாக்கிழமை ஓட்டம் இருக்கு. அத மட்டும் யோசி. முட்டிய அறுத்தா எத்தன மாசம் படுக்கை? அதுக்குள்ள இந்த வேலை போயிரும். அடுத்து எப்ப எடுப்பானோ, எடுப்பானோ மாட்டானோ. தையல் போட்ட காலோட நீ சாச்சுச் சாச்சு நடந்தா, பொண்ணு பாக்க வர்றவன் வாசல்லயே திரும்பிருவான். வேலையும் இல்ல, கல்யாணமும் இல்லன்னா நான் ஒன்னைய எங்க கொண்டு போயி வைக்கிறது? ஐயா, செல்லு கில்லெல்லாம் இருக்கட்டும். போன தடவ வலி போச்சுல்ல? அது மாதிரி ஒண்ணு போட்டுவிடுங்க. ஒரு நாளைக்கித் தாங்குனாப் போதும்.

— அது பண்ணலாம்மா. செவ்வாக்கிழமை விடியக்காலம் கூட்டிட்டு வாங்க. ஒரு ஊசி போட்டுக் கட்டி விடுறேன். ஓடி முடிக்கிற வரைக்கும் வலியே தெரியாது. பாப்பா, கோபத்தை விடுங்க. நானூறு மீட்டர். ஒரே ஒரு சுத்து. அவ்வளவுதான் விஷயம்.

— அந்த ஊசியில என்ன இருக்கு?

— வலி தெரியாம இருக்கறதுக்கு உள்ளது.

— மரத்துப் போற மருந்தா?

— பேரு எதுக்கு உங்களுக்கு? கூடக் கொஞ்சம் ஸ்டீராய்டு இருக்கும். எல்லாரும் போடுறதுதான்.

— போன மாசம் போட்டதும் இதேதானா?

— செங்கமலம்மா, செவ்வாக்கிழமை நேரத்தோட வந்துருங்க.

— ஒங்களத்தான் கேக்குறேன். எங்கண்ணன் செல்லுன்னு போட்டது, எஞ்செல்லுன்னு போட்டது, விதைச்சது, தண்ணி விட்டது, எல்லாம் இந்த ஸ்டீராய்டுதானா?

— எதுல குணமானா என்ன? வலி போச்சா இல்லையா?

— கேட்டியாம்மா? அதுல கணேசனும் இல்ல, நானும் இல்ல.

— இல்லாட்டிப் போகட்டுமே! மருந்துதானே, வெசமில்லையே? ஒரு நாளு, ஆத்தா. ஒரே ஒரு நாளு. ஓடி ஜெயிச்சு வேலையக் கைக்குள்ள போட்டுக்க. அப்புறம் தஞ்சாவூருக்கே போயி அறுத்துக்க, நானே ஒங்கூட வந்து ஆஸ்பத்திரித் தரையில படுத்துக் கெடக்குறேன். எம்புள்ள காக்கிச் சட்டையோட நம்ம தெருவுல வந்து எறங்கணும். பொட்டப் புள்ளைக்கு எதுக்குன்னு சொன்ன மனுசன் அதப் பாக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

— எனக்கும் அதுதாம்மா வேணும். ராத்திரியெல்லாம் அதான் கண்ணுக்குள்ள ஓடுது. ஆனா வலி தெரியாம ஓடி மறுபடி நழுவுனா, அப்புறம் தைக்கிறதுக்கும் ஒண்ணும் மிஞ்சாதுன்னு தஞ்சாவூரு டாக்டரு சொல்லிட்டாரு. ஒரு சுத்து ஓடிட்டு ஆயுசுக்கும் நொண்டவா? அப்ப எந்த ஸ்டேசன்ல என்னைய நிக்க வைப்பாங்க?

— அவரு பயமுறுத்துவாரு. நீ யோசிச்சுப் பாரு. செவ்வாக்கிழமைக்கு இன்னும் நாளு கெடக்குல்ல.

— டாக்டர், என் ஸ்கேன் படம் அந்தப் பீரோவுக்கு மேல இருக்கு. எடுத்துக் குடுங்க.

— அது எங்க ரெக்கார்டு.

— அது எங்க முட்டி. குடுங்க. எழுந்து நானே எடுத்தா மேல இருக்கறதெல்லாம் சரியும்... ம். அந்த மஞ்சத்துணி முடிச்சையும் எங்கம்மா கையில குடுங்க. கணேசன் ஊருக்கு வர்றப்ப வேணும்னா கட்டிக்கிறட்டும்.

— எங்கடி கெளம்புற? பேசிக்கிட்டே இருக்கேன், நீ பாட்டுக்கு எந்திரிக்கிற?

— தஞ்சாவூருக்கு. இன்னிக்குச் சாயங்காலம் வந்து அட்மிட் ஆகச் சொல்லிருக்காங்க. துணிப்பை கீழ பெட்டிக்கடையில குடுத்து வச்சிருக்கேன். வெளிய பெஞ்சுல பாத்தியா? நம்மூரு தங்கமுத்து அக்கா, மக தாயத்த முந்தானையில முடிஞ்சுக்கிட்டு ஒக்காந்துருக்கு. அந்தப் புள்ளைக்கும் ஜவ்வுதான். நீ காட்டுன வாட்சப்பு பாத்துத்தான் வந்துருக்கு. நான் சொன்னா நம்பாது. நீ சொல்லிட்டு வா.

— நான் என்னன்னுடி சொல்லுவேன்?

— குப்பையில போனதச் சொல்லு. நூத்துக்கு நூறு வந்ததையும் சொல்லு. வேற ஒண்ணும் சேக்க வேணாம்.

— பாப்பா, வெளிய போயி கண்டதையும் பேசுனா நான் சும்மா இருக்க மாட்டேன்.

— நீங்க சும்மா இருந்திருந்தா எனக்கு ரெண்டாவது ஜவ்வு மிஞ்சியிருக்கும். கதவ விடுங்க. எனக்கு வேகமா நடக்க வராது, வழி வேணும்.

— ஐசு, நில்லுடி! கோவத்துல முடிவெடுக்காத. செவ்வாக்கிழமை வரைக்கும் பொறு, ஆத்தா. ஓட்டம் முடியட்டும், அப்புறம் எங்கிட்டு வேணாலும் போ.

— அது செவ்வாக்கிழமை இல்லம்மா. தேதியச் சொன்னா என்னைய விடியக்காலம் இழுத்துக்கிட்டு வந்து ஊசி போட வச்சுருப்ப, அதான் மாத்திச் சொன்னேன். ஓட்டம் இன்னிக்கிக் காலையில. திருச்சி மைதானத்துல இந்நேரம் என் நம்பரக் கூப்புட்டு, ஆளில்லன்னு அடுத்த நம்பருக்குப் போயிருப்பாங்க.